விசாலாட்சி டீச்சரின் கோணல் பாலம்

வேலூரிலிருந்து பிரித்து எங்கள் ஊரைத் தனி மாவட்டமாக்கினார்களே, அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் விசாலாட்சி டீச்சர் பெண்கள் பள்ளிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தார். முந்தாநாள் காலையில் கீழ்பென்னாத்தூரில் அவர் தம்பி வீட்டிலிருந்து போன். "அக்கா போய்ட்டாங்க மேஸ்திரி." பஸ் பிடித்துப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். அவரிடம் படித்த நீங்களெல்லாம் பள்ளியில் இரங்கல் கூட்டத்துக்குக் கூடுகிறீர்கள், என்னையும் நாலு வார்த்தை கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பூக்காரம்மா மகள் பரிமளா எழுதுகிறாள்.

என் தொழில் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது. லாட்ஜ் வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. குடை பிடித்த ஒரு அம்மா கீழே வந்து நின்று, "சவுக்குக் கட்டை வாடகைக்குக் கிடைக்குங்களா?" என்றார்.

"வீடு கட்டுறீங்களாம்மா?"

"இல்லைங்க. முக்கோணம் நடத்தணும்."

மேலே நின்ற என் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. சாரத்தை அண்ணாந்து பார்த்து, குறுக்குக் கட்டை எதற்கு என்று கேட்டார். கட்டாவிட்டால் சாரம் ஆடும் என்றேன். "அதை எங்க பொண்ணுங்க கிட்ட வந்து சொல்லுங்க. ஏன் ஆடுதுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். அப்படித்தான் பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத நான் பத்தாம் வகுப்புக்குள் போனேன்.

வகுப்புக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு கால்வாய். மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். அதன்மேல் பாலம் கட்டுவதுதான் டீச்சர் வைத்த கணக்கு. முதலில் துடைப்பக்குச்சியில் செய்தார்கள், அப்புறம் என் கட்டையில். படிக்க அனுப்பின பெண்களைக் கட்டை தூக்க வைப்பதா என்று பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியை அம்மா டீச்சரைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே சொன்னார்: "வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்குக் கல்வி ஆபீசர் வராரு. பாலம் ஒழுங்கா நிக்கலைன்னா பத்தாம் வகுப்புக் கணக்கை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். நீங்க ஆறாம் வகுப்புக்குப் போங்க." டீச்சர், "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பாலம் எழும்பியது. எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாட்ச்மேன் காதர் பாய் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரம்மா, பாலமே கழிவறைக்கு அவசரமா போற மாதிரி இருக்கே" என்றார். பெண்கள் அழாத குறை.

விஷயம் இதுதான். அந்தக் கரையில் கலைவாணி, இந்தக் கரையில் பரிமளா, ஆளுக்கு எட்டு சாண் அளந்து கால்கட்டையை வெட்டியிருந்தார்கள். கலைவாணி கை பெரிய கை. பரிமளாவுடையது சின்னது. (எழுதும்போதே, "இதெல்லாம் வேணுமா மாமா?" என்கிறாள். எழுதும்மா.)

நான் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் குடுங்க, நான் நேராக்கிடறேன்" என்றேன். எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

"நீங்க கட்டினா பாலம் நேரா நிக்கும் மேஸ்திரி. பொண்ணுங்க கணக்கு கோணலாவே நிக்கும். நாளைக்கு அவங்களே பிரிக்கட்டும்" என்றார். அவருடைய வகுப்பே போகப்போகிறது, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மறுநாள் ஆபீசர் வந்தபோது பெண்கள் பாலத்தைப் பாதி பிரித்துப் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியை முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆபீசர் பரிமளாவைக் கேட்டார், "என்னம்மா கூத்து இது?"

"தப்பா வந்துடுச்சு சார். எங்கம்மா பூ விக்கிறாங்க. அவங்க கை சின்னது, முழம் கம்மின்னு பக்கத்துல பூ விக்கிற அத்தைகிட்டதான் எல்லாரும் வாங்குவாங்க. அதே மாதிரிதான் சார். கலைவாணியோட எட்டு சாண், எனக்கு ஒன்பது. நான் ஒன்பது அளந்திருக்கணும்."

"அப்ப அவ பதினாறு அளந்தா?"

"எனக்குப் பதினெட்டு சார்." யோசிக்கவே இல்லை. முந்தின மாசம் கணக்கில் முட்டை வாங்கிய பெண்.

ஆபீசர் நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார். புதுக்கட்டை அளந்து, வெட்டி, குறுக்குக் கட்டை இறுக்கி, அந்தப் பெண்கள் முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பலகை போட்டதும் டீச்சர், "சொல்லிக்கொடுத்தவங்க முதல்ல நிக்கணும்" என்று ஏறினார். கயிறு முடிச்சு சொல்லிக்கொடுத்த நானும் ஏறினேன். "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று காதர் பாய் ஏறினார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத மாதிரி, தலைமையாசிரியை அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். நடுவில் நின்று ஒரு குதி குதித்துப் பார்த்தார். பாலம் அசையவில்லை. "டீச்சர், திங்கக்கிழமை பத்தாம் வகுப்புக்கு முதல் பீரியட் உங்களுது" என்றார்.

குட்டையாய் வெட்டிய கட்டையை டீச்சர் தூக்கிப் போட விடவில்லை. ஓய்வு பெறும்வரை வகுப்பு மூலையிலேயே வைத்து, வருகிற பெண்களுக்கெல்லாம் காட்டினார். "சரியா வந்ததை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. இதைப் பாருங்க" என்பார். போகும்போது, "உங்க கட்டை, எடுத்துக்குங்க" என்று என்னிடம் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டில் துணி காயும் கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. கணக்கு டீச்சர் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம், கொடியை நான் வேறு எதிலாவது கட்டிக்கொள்கிறேன்.

பெண்களுக்கு முன்னால் அந்தப் பாலத்தில் ஏறி நின்றது நாலு பேர். காதர் பாய் போனார். தலைமையாசிரியை அம்மா போனார். இப்போது டீச்சரும் போய்விட்டார். நான் இருக்கிறேன், சாரம் கட்டும் ஏழுமலை.