முக்கால் ஏக்கர் அருகு

என் நோட்டில் ஆனி பதினெட்டாம் தேதிக்கு எதிரே, "ரொட்டாவேட்டர் ஓட்டியாயிற்று, நிலம் சுத்தம்" என்று எழுதியிருக்கிறேன். பிறகு அதை அடிக்கத் தோன்றவில்லை.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்துக் கிடக்கும் முக்கால் ஏக்கர் அது. என் மனைவியின் அண்ணனுடையது. சென்னைக்குக் குடிபோனபோது அவர், "நான் கேக்குற அன்னிக்கு இப்ப இருக்குற மாதிரியே குடுத்துடுங்க மாப்ள, அது போதும்" என்றார். ஒன்பது வருடம் மரவள்ளியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றி வைத்தேன். அந்த ஆனியில் உளுந்தூர்பேட்டை அரிசி ஆலை ஒன்றில் எனக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. ஆவணி முதல் தேதி சேர வேண்டும். அதற்குள் நிலத்தை ஒப்படைத்துவிட வேண்டும்.

குறை ஒன்றுதான். கிழக்கு வரப்பிலிருந்து இறங்கிய அருகம்புல், ஏழெட்டுப் பாய் விரித்த அளவுக்குப் படர்ந்திருந்தது. சித்திரை வெயிலில் ஆழ உழுது, கொடியைக் கிளறிக் காயவிட்டு, பொறுக்கிக் கொளுத்துவதுதான் முறை. அது எனக்குத் தெரியும், படித்துமிருக்கிறேன். ஆனால் சித்திரை போய்விட்டது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல்கத்திக் கலப்பையான ரொட்டாவேட்டரைக் கூப்பிட்டு நிலம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டச் சொன்னேன். மண் புட்டு மாவு மாதிரி ஆனது.

மூன்றாம் நாள் மழை. பதினோராம் நாள் போய்ப் பார்த்தேன். அருகங்கொடியில் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. ஓரத்தில் கிடந்ததைக் கத்திகள் நறுக்கி வயல் முழுவதும் நட்டுக் கொடுத்திருந்தன.

பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் வந்து நின்றார். "இன்னாண்ணா, ஊரே நெல்லு நாத்து வுடுது, நீ அருகு நாத்து வுட்டுக்கினு இருக்கிற? நடவுக்கு ஆள் வேணுமா?"

"போய் வேலையப் பாரு."

"கோச்சுக்காத. மாடு ஓட்டிக்கினு வரட்டா?"

ஓட்டிக்கொண்டு வந்தார். மாடு மேய்ந்த இடத்தில் புல் இன்னும் கெட்டியாக வந்தது.

ஆடி முழுவதும் நானும் மனைவியும் களைக்கொத்தோடு குந்தியிருந்தோம். மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டைப் பிடித்து இழுத்தால், எப்போதும் ஒரு கணுவை உள்ளே விட்டுவிட்டுத்தான் அறும். கடைசி மூலைக்குப் போய்ச் சேரும்போது முதல் மூலை பச்சையாகியிருக்கும்.

நடுவில் ஒருநாள் ஆலையைப் பார்த்துவர உளுந்தூர்பேட்டை போனேன். லாரிகள் நிற்கும் இடத்தில், தார் வெடிப்பில் அருகு. ஆலையின் நெல் களத்தில், சிமெண்டு இடுக்கில் அருகு. மலைமேல் வெள்ளிமலைப் பாதையிலும் பார்த்திருக்கிறேன். வெயில் அடிக்கிற நாடுகளில் எல்லாம் இருக்கிறதாம். சில இடங்களில் விளையாட்டுத் திடலுக்கென்றே வளர்க்கிறார்கள். அங்கெல்லாம் அதற்காக யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆடிக் கடைசி வெள்ளியன்று மச்சான் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

"இன்னா மாப்ள, புள்ளையாருக்கு வேண்டுதலா?" என்று சிரித்தார். பிறகு, "அவசரம் ஒண்ணும் இல்ல. வர்ற சித்திரைல நல்லா காயவுட்டுக் குடுங்க. உங்கள நம்பித்தான வுட்டுட்டுப் போனேன்" என்றார்.

அவர் பஸ் ஏறியதும் மனைவியிடம் கேட்டேன். "இதை இப்படியே விட்டுட்டு வேலைக்குப் போனா?"

"போங்க, யாரு வேணான்னாங்க? பொங்கலுக்கு எங்க அண்ணன் வூட்டுப் படிய நான் எப்பிடி ஏறுறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஆலைக்குப் போன் செய்து, சித்திரை முடிந்ததும் வருகிறேன் என்றேன். "அதுவரிக்கும் நெல்லு காத்துக்கினு இருக்குமாங்க?" என்றார் மேலாளர், மரியாதை குறையாமல். மறுவாரமே வேறொருவரை வைத்துக்கொண்டார்கள்.

ஆவணி முதல் தேதி காலையில் கிழக்கு வரப்பை ஒட்டிக் குந்தினேன். சித்திரைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஐப்பசி மழை அதற்கு நடுவில்தான் வரும்.