பாவுத் தெருவில் ஒரு தாழி

ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது முதுமக்கள் தாழி ஒன்றின் வாய் தெரிந்தது. தொல்லியல் துறையில் சைட் இன்சார்ஜாக இருந்த நான் போனேன். கயிறு கட்டித் தெருவை அடைக்கச் சொன்னதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"தெருவ அடைச்சா நாங்க பாவு எங்க சார் போடறது?"

கேட்டவர் பட்டு நெய்யும் சரோஜாம்மா. தறியில் ஏற்றும் முன் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்வார்கள். அதுதான் பாவு. அது இல்லாவிட்டால் தறி நின்றுவிடும்.

"கவர்மென்ட் வேலைம்மா" என்றேன்.

"எங்களுதும் வேலைதாங்க. தோண்டாதீங்கன்னு சொல்லல. ரெண்டும் நடக்கற மாதிரி பாருங்க."

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். நான் டிரெஞ்சைச் சுருக்கி ஓரமாக ஒதுக்கினேன். அவர்கள் விடிகாலையில் பாவு போட்டு வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். பிறகு எங்கள் முறை. பைக்குகளை அடுத்த தெரு வழியாகத் திருப்பிவிட்டதும் அவர்களே.

மதியத்தில் நாங்கள் பிரஷ்ஷால் மண் தள்ளுவதைப் பார்க்கப் பெண்கள் வருவார்கள்.

"உள்ள இருக்கறது ஆம்பளையா, பொம்பளையா சார்?"

"லேபுக்கு அனுப்பினாத்தான் தெரியும்."

"யாரா இருந்தா என்ன, நம்ம தெருக்காரங்கதான்" என்றார் சரோஜாம்மா.

தாழியைத் தூக்க இருந்த நாள் காலை, பாவு நீட்டியிருந்த நேரத்தில் திடீரென்று மழை. குழிக்கு மேல் நாங்கள் கட்டியிருந்த ஷீட் காற்றில் பறந்தது. குழியின் ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த தாழி, மண் விழுந்தால் நொறுங்கிவிடும்.

"ஜல்தி! பாதி பேரு பாவச் சுருட்டுங்க, மத்தவங்க குழிக்கு வாங்க!" சரோஜாம்மாவின் குரல்தான். வீட்டுக்கு வீடு தார்ப்பாய் வந்தது. பலகையும் மணல் மூட்டையும் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். மழை விட்டபோது தாழி அப்படியே இருந்தது. சரோஜாம்மாவின் பாவில் ஒரு முனை மட்டும் நனைந்து சாயம் இறங்கியிருந்தது.

"உங்க பாவு போச்சேம்மா."

"நனைஞ்சத அறுத்துட்டு மிச்சத்த நெய்வேன் சார். அது ஒடஞ்சிருந்தா இன்னா பண்ணுவீங்க? ஈரத்துல நின்னுகினு பேசாதீங்க, டீ குடிங்க வாங்க."

மியூசியத்துக்கு லாரி கிளம்பியபோது தெருவே முனைவரை கூட வந்தது. சரோஜாம்மா டிரைவரிடம் சொன்னார்: "பள்ளம் மேடு பாத்து ஓட்டுப்பா. வயசானவங்க உள்ள இருக்காங்க."

துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கயிறு கட்டும் முன் தெருக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அன்றைக்கு நான் கூப்பிடாமலே அத்தனை கைகள் குழிக்குள் இறங்கியது அதனால்தான்.