சமையலறை வாசலுக்கு வந்த சினிமா

அக்காவின் கணவர் ஹோம் தியேட்டர் வாங்கிய சேதி எனக்குப் போனில் வந்தது. ஆனால் அவர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. பின்னால் ஏதோ இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

"மாமா, உங்க அடுகோடில பில்டிங் எதாவது இடிக்கிறாங்களா?" என்று கத்தினேன்.

"நம்ம ஹால்தாம்மா! சண்ட சீன் ஓடுது! ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நேரா வந்துரு. பிரியாணி!" என்று அவரும் கத்தினார்.

மாமா நல்ல மனிதர். கை தாராளம், மனசு தாராளம், சத்தமும் தாராளம். எதை வாங்கினாலும் கடையில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்குவார். வாங்கியதும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை நான் என் வீடு இருக்கிற பொம்மனஹள்ளியிலிருந்து போய்ச் சேர்ந்தபோது, அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு குடும்பமாக வந்து சோபா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கதவு அகலத்துக்கு டிவி. மூலைக்கு ஒன்றாக ஸ்பீக்கர். தரையில் அரிசி டிரம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பெட்டி. பேஸ் என்கிற இடிச் சத்தத்துக்கென்றே தனியாம். மாமா ரிமோட்டை அழுத்தினார். ஷோகேஸில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரிந்த சிவப்பு பல்புகூட நடுங்கியது.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்காவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. ஒரு விஷக் காய்ச்சலில் போனது. வலது காது பாதி கேட்கும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். மாட்டினால் குக்கர் விசில் ரயில் மாதிரி கேட்கிறது என்று கழற்றி பீரோவில் பூட்டிவிட்டாள். காது போவதற்கு முன்னால் அவளைப் போல ஒரு சினிமாப் பைத்தியத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வசனத்தை அப்படியே ஒப்பிப்பாள், குரல் மாற்றி மாற்றி. இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? எல்லோரும் சிரித்து முடிக்கும்போது, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கிறாள். ஜோக் புரிந்து வரும் சிரிப்பு இல்லை அது. மற்றவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று சிரிப்பது.

அன்றும் அப்படித்தான். காமெடி சீனில் சோபா குலுங்கியது. சற்றுப் பொறுத்து அக்கா சிரித்தாள். மாடி வீட்டம்மா இறங்கி வந்து, "ஸ்வல்ப சவுண்ட் கம்மி மாடி" என்று கன்னடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி, மாமாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். "எப்படி இருக்குதுக்கா உன் தியேட்டரு?"

"சத்தம் நல்லா வருதுடி. நெஞ்சுல வந்து குத்துது. யாரு என்னா பேசுனாங்கன்னுதான் தெரியல. போவட்டும், உங்க மாமா சந்தோஷமா இருக்காரு."

"கீழ எழுத்து போட்டுக்கலாமே?"

"அது இங்கிலீஷ்ல ஓடுது. அதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஆளே செத்துப் போயிடறான். படிக்கணும்னா நான் பேப்பர் படிச்சுக்கறேன். நீ டம்ளரக் குடு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சோப்புக் கையோடு ஹாலுக்குப் போனேன்.

"மாமா, ஊரையே கூப்புட்டுக் காட்டுனீங்க. உங்க பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த கேக்கல, தெரியுமா?"

"அவளுக்காகத்தான் சவுண்ட ஜாஸ்தி வெச்சேன்!" என்றார் அவர், நிஜமாகவே அடிபட்டவர் போல.

அங்கேதான் எனக்கும் அவருக்கும் சண்டை. என் பிழைப்பே பேச்சைப் புரியவைப்பதுதான். கால்சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போனில் பேசப் பழக்குகிறேன். முதல் நாள் எல்லோரும் செய்கிற தப்பு, எதிராளிக்குப் புரியவில்லை என்றால் கத்துவது. கத்தினால் புரியாது. தெளிவாக இருந்தால்தான் புரியும். இதை மாமாவிடம் சொன்னேன். "சரிம்மா தாயே, நீயே வந்து பண்ணு. அவ மட்டும் தானா சிரிச்சிட்டான்னா நான் ஒத்துக்கறேன்" என்றார். அக்கா உள்ளேயிருந்து, "என்னாவாம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று கையால் சைகை காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே போய் இறங்கிவிட்டேன். படத்தில் பேச்சு முழுக்க டிவிக்கு அடியில் வைக்கிற நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அதை மாமா எங்கே வைத்திருந்தார்? டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்! தூசி படியக் கூடாதாம். அதன்மேல் எம்பிராய்டரி போட்ட துணி வேறு. படமே பேச வேண்டிய வாய்க்குப் போர்வை போர்த்தியிருந்தார் மனுஷன். துணியை உருவினேன். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, அடியில் கட்டை கொடுத்து, முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்ததை முகத்தைப் பார்க்க வைத்தேன். கறுப்புப் பெட்டியை மூலையிலிருந்து வெளியே தள்ளி, அதன் சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். மாமா மூக்கால் அழுதார்.

ஹால் நடுவில் நின்று கை தட்டினால் டங்கென்று எதிரொலித்தது. மொசைக் தரை, வெற்றுச் சுவர், திரையில்லாத ஜன்னல். நல்ல காது இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. அரைக் காதை வைத்துக்கொண்டு கேட்பவளுக்கு ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்காரும். ஜமக்காளம் விரித்தேன், தடித்த திரை மாட்டினேன். திரை போட்டதும் டிவியில் அடித்துக்கொண்டிருந்த வெயிலும் போனது.

அடுத்தது படம். மாமா கலரை ஏற்றியிருந்த ஏற்றில் நடிகர்கள் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. அக்கா தனக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துத்தான் பாதி விஷயத்தைப் பிடிக்கிறாள். முகம் தீயாக எரிந்தால் உதடு எங்கே தெரியும்? செட்டிங்கில் சினிமாவுக்கென்று இருந்ததை வைத்தேன். மினுமினுப்பு அடங்கி, முகம் முகமாக வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், உதடு ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று காட்டத் தாமதிக்க, பேச்சு முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. மெருகை அணைத்ததும் இரண்டும் சேர்ந்து நடந்தன. "அடடே!" என்றார் மாமா, முதல்முறையாக.

கடைசியாக, பெட்டியோடு வந்திருந்த குட்டி மைக்கை சோபா நடுவில், தலை உயரத்துக்கு நிறுத்தினோம். அந்த மைக் எங்கே இருக்கிறதோ, அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தோதாக எல்லா ஸ்பீக்கரும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். செய்துகொண்டது. நான் உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் பெருமூச்சு விட்டால்கூடத் தெரிந்தது. எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதே கூட்டம். பெண் பார்க்கப் போகும் காமெடிப் படம் ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா, சற்றுப் பொறுத்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. "இவ்ளோ பண்ணியும் கேக்கலையாக்கா உனக்கு?" என்றேன்.

"கொஞ்சம் கேட்டுச்சுடி. நெஜமா."

பொய். அவள் பொய் சொன்னால் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள். அப்போதுதான் அவள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். சமையலறை வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில். அடுப்பில் ஒரு கண், வந்தவர்கள் தட்டில் ஒரு கண். வீட்டுக்கு ஆள் வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் உட்காரும் இடம் அதுதான். நானும் என் வீட்டில் அங்கேதான் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் டிவி அவளுக்கு இடப்பக்கம். செத்த காது டிவி பக்கம், கேட்கிற காது குக்கர் பக்கம்! நான் ஒரு நாள் முழுக்க முதுகொடிய வேலை செய்து, அவள் ஒருநாளும் உட்காராத சோபாவுக்கு அருமையாக சவுண்ட் வைத்திருந்தேன்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சோபாவில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தாள். குக்கர் விசிலடித்தது, எழுந்தாள். திரும்ப உட்கார வைத்தேன். ஒருவர் தண்ணீர் கேட்டார், எழுந்தாள். "விடுடி, பேஜாரா இருக்குது. வந்தவங்கள வெச்சிக்கிட்டு நடு சோபால ராணி மாதிரி எப்புடி உக்காருவேன்?" என்றாள். இவளை மாற்ற முடியாது. மாற்றுவதாக இருந்தால் வீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் மாமாவிடம் சொன்னேன். "டிவிய அந்தச் செவுத்துக்கு மாத்தலாம். ஸ்டூலுக்கு நேரா."

மாமா முகம் வெளுத்தது. சமையலறை வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில்தான் பீடம் இருந்தது. திருஇருதய ஆண்டவர், மாதா சுரூபம், மெழுகுவர்த்தி, சிவப்பு பல்பு.

"ஃபாதர் வந்து மந்திரிச்சுக் குடுத்த எடம்மா அது. சாமிய எடுத்துட்டு சினிமா வெக்கச் சொல்றியே, வெளயாடறியா?"

"சாமிய வெளிய போவச் சொல்லல. டிவி இருக்கற இந்தச் செவுத்துக்கு வரச் சொல்றேன். வாசல்ல நொழஞ்சதும் மொதல்ல அவர்தான் தெரிவாரு. இப்ப ஒரு பக்கமா ஒதுங்கி இருக்காரு."

"அதெல்லாம் சரிப்படாது."

"மாமா, அக்கா மனசு விட்டுச் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு? உங்களுக்கு ஞாபகம் இருக்குதா? அவ தானா சிரிக்கறதப் பாக்க ஆண்டவருக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

சொன்ன பிறகு அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றியது. மாமா பீடத்துக்கு முன்னால் போய் நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறி, படத்தை இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தூக்குவது போல இறக்கினார். "டிரில் எங்க இருக்குது பாரு" என்றார். அதுவரை அவர் காட்டிய சத்தம் எல்லாவற்றையும்விட, அந்த நிமிஷத்தில் அவரை எனக்குப் பிடித்தது.

அக்கா ஓடிவந்து, "யேசுவே, என்னா பண்றீங்க ரெண்டு பேரும்!" என்றாள். "தூசி தட்டறோம்" என்றார் மாமா.

சுவர் துளைத்தோம், வயர் இழுத்தோம், சண்டை போட்டோம், சோபாவை நகர்த்தினோம். ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே வாசலில் சாய்மானம் வைத்த பிரம்பு நாற்காலி ஒன்றைப் போட்டேன். அடுப்பும் தெரியும், டிவியும் நேராகத் தெரியும். நடு ஸ்பீக்கரை அவள் வலது காது பக்கம் ஒரு கைப்பிடி அளவு திருப்பி வைத்தேன். மைக்கை இந்த முறை அந்த நாற்காலியில், அக்கா உயரத்துக்கு நிறுத்தினேன். மெல்லப் பேசுவதைத் தூக்கி, இடிப்பதை அமுக்கும் செட்டிங்கைப் போட்டேன். சோபாவில் உட்கார்ந்தால் இப்போது சத்தம் சுமார்தான். உட்காருகிறவர்கள் சுமாராகவே கேட்கட்டும்.

அடுத்த ஞாயிறு யாரையும் கூப்பிட வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார். நாங்கள் மூன்று பேர் மட்டும். அடுப்பில் கறிக்குழம்பு. போன வாரத்துப் படத்தையே மறுபடி போட்டார். நானும் மாமாவும் படம் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி. திரையில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த கிழவர் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

அக்கா வெடித்துச் சிரித்தாள்.

தன்னந்தனியாக. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, எனக்குச் சின்ன வயதில் தெரிந்த அந்த அடங்காச் சிரிப்பு. மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நின்று ஹோசூர் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு விசில் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

"இன்னாடி, சிரிக்காம உக்காந்திருக்கீங்க?" என்றாள் அக்கா. "'பொண்ணு அமையலைன்னாலும் பஜ்ஜிய மட்டும் பார்சல் கட்டிக் குடுப்பீங்களா'ன்னு கேக்கறான் கெழவன்!" அந்தக் கிழவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

மாமா, "ஆமா, ஆமா" என்று சிரித்துக்கொண்டே பழக்க தோஷத்தில் ரிமோட்டைத் தேடினார், இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்க.

"கை வெச்சீங்க, அவ்ளோதான்" என்றாள் அக்கா. "இப்பத்தான் தெளிவா கேக்குது."

உள்ளே குழம்பு கொதித்து வழிகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. நான் எழப் போனேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "நீங்க போயி அடுப்பக் கொறைங்க" என்றாள் மாமாவிடம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அப்படி ஒரு வேலை சொல்லி நான் பார்த்ததில்லை. மாமா மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. "கரண்டி எங்க வெச்சிருக்கே?" என்று அங்கிருந்து கத்தினார்.

அக்காவுக்கு நன்றாகவே கேட்டது. பதில்தான் சொல்லவில்லை.