மாமா வளர்த்த எறும்புகள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வடக்குப்பட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா துபாயில். அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்த்தாள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுவாள். ஓ.டி. இருந்தால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அம்மாவின் தம்பி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த மாமா, எங்களோடு இருந்தார். அவருக்குக் காண்ட்ராக்ட் வேலை முடிந்து நாலு மாதமாகியிருந்தது. எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அது எனக்குப் பெரிய வசதி.

மாமா பால்கனியில் பெயிண்டு வாளிகளில் செடி வைத்திருந்தார். எந்தச் செடிக்கும் மருந்து அடிக்க மாட்டார். எலுமிச்சை இலையைப் புழு தின்றால், தின்னட்டும், வண்ணத்துப்பூச்சியாகும் என்பார். எறும்புகளுக்கும் அதே சலுகை. அவை வீட்டுக்குள் வராதிருக்க வாளிகளுக்குப் பக்கத்தில் தினமும் குருணையும் வெல்லமும் வைத்தார். நாங்கள் இருவரும் குந்தியிருந்து அந்த வரிசையை வேடிக்கை பார்ப்போம்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் மேலே வந்து, “இன்னாம்மா இது, எறும்பு எங்க வூட்டுக்கும் எறங்கி வந்துகினு கீது” என்றார். அம்மா மன்னிப்புக் கேட்டாள். மறுநாளே எறும்புப் பொடி வாங்கி வந்தாள். மாமா கெஞ்சியதால் அது பிரிக்கப்படாமல் பரணுக்குப் போனது.

வெல்லத்தோடு எறும்புகள் திருப்தி அடையவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா ஓ.டி. முடிந்து பசியோடு வந்து, காலையில் வடித்து வைத்திருந்த சோற்றுப் பானையைத் திறந்தாள். சோறு கறுப்பாக இருந்தது.

“வெயில்ல வச்சாப் போயிரும்க்கா” என்றார் மாமா. வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கத்தவில்லை. பானையைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டே, அலுப்பாக, “இந்த வீட்ல வேல பாக்கது நானும் எறும்பும் மட்டுந்தாம்ல” என்றாள்.

நான் சிரித்தேன். நல்ல வேடிக்கையாக இருந்தது எனக்கு. என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மண்ணூரில் சிநேகிதர்களின் ரூமுக்குப் போவதாகச் சொன்னார். என் தலையைத் தடவினார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். சண்டை எறும்பால் வந்தது. எறும்பு இல்லையென்றால் சண்டை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தூங்கும்போது நாற்காலி போட்டுப் பரணில் ஏறிப் பொடியை எடுத்தேன். ஒரு வாளி விடாமல் தூவினேன். சாயங்காலம் தரையெங்கும் எறும்புகள் சுருண்டு கிடந்தன. எலுமிச்சைப் புழு மூன்றும் விழுந்திருந்தன. அவற்றை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

எழுந்து வந்த அம்மா, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். மாமா திரும்பி வருவதற்காக என்றேன். அவள் துடைப்பத்தை எடுத்தாள், பெருக்கவில்லை. அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் போனில் மாமாவின் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

“எறும்பெல்லாம் போயிருச்சு மாமா. இனிமே நீங்க வரலாம்” என்றேன்.

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. பிறகு மாமா, “அம்மா சொல்லச் சொன்னாளாட்டி?” என்றார்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தை வாளிகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயால் அவள் எதையும் சொல்லச் சொல்லவில்லைதானே.

“இல்ல மாமா. நானாத்தான் கூப்பிட்டேன்” என்றேன், பெருமையாக.

“சரிட்டி. நல்லாப் படி” என்று வைத்துவிட்டார்.

அம்மா போனை வாங்கி வைத்துவிட்டுப் பெருக்க ஆரம்பித்தாள். மாமா திரும்பி வரவில்லை. எறும்புகளைக் கொன்றதில்தான் அவருக்கு வருத்தம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். எண்ணைப் போட்டுக் கொடுத்தவள் அம்மாதான்; மாமா கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்காது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.