அக்கா ஏற்றுக்கொண்ட பழி

எண்பதுகளின் கடைசியில் போடியில் ஒரு ரத்ததானச் சங்கத்தில் வேலை பார்த்தேன். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தவர் பாண்டியம்மாள் அக்கா. அதை இயக்கும் சிஸ்டத்தின் புதுப் பதிப்பு பிளாப்பியில் வந்ததும் உடனே மாற்றிவிடத் துடித்தேன்.

"புதுசு பாதியில நின்னு போகுதுன்னு மதுரையில சொல்றாகப்பா. ஒரு மாசம் பொறுத்துப் பாப்போம்" என்றார் அக்கா.

"பழசையே கட்டிக்கிட்டு அழுவீகளாக்கா? அதெல்லாம் நல்லா ஓடும்."

அவர் விடுப்பில் இருந்த நாளில் மாற்றிவிட்டேன். பட்டியலுக்கு நகல்கூட எடுக்கவில்லை. ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு காலையில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. பட்டியல் முழுவதும் அழிந்திருந்தது.

மறுநாளே போடிமெட்டு மலைப்பாதை வளைவில் ஒரு ஜீப்பு கவிழ்ந்தது. அதில் ஏலக்காய் எடுக்கப் போன ஒரு பெண்ணுக்கு அரிய வகை ரத்தம் தேவைப்பட்டது. அந்த வகைக்காரர் ஒருவர் பக்கத்துச் சிலமலை கிராமத்தில் இருக்கிறார் என்பது மட்டுமே அக்காவுக்கு நினைவிருந்தது. வீடு வீடாகக் கேட்டு அவரை அழைத்து வருவதற்குள் அந்தப் பெண் இறந்துபோனாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று டாக்டர் கத்தினார்.

"நாந்தேன் பட்டியலத் தொலைச்சிட்டேன்யா" என்றார் அக்கா.

பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் கணவரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு முறை மலையேறினேன். இரண்டு முறையும், அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லாமலே இறங்கி வந்தேன்.