நமுத்துப் போகாத பிஸ்கட்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாயங்காலம் லயத்தில், வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இஞ்சி பிஸ்கட் சுடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் பதுளையில் ஒரு டீச்சர் வீட்டில் சமையலுக்கு நின்றபோது பழகியது. அங்கே மின்சார அடுப்பு இருந்தது. எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, உள்ளே தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலும் தணலைப் போட்டுச் சுடுவேன்.

முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். பிறகு சடங்கு வீடுகளுக்குக் கேட்டார்கள். அந்தத் தைரியத்தில் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒரு டின் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது முதலாளி டின்னை அப்படியே எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ருசி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா சீக்கிரமே நமுத்துப் போகுது. இத நான் எப்படி விக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பனி இறங்கினால் எங்கள் பக்கம் உப்பே கரைந்து நிற்கும். டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் தேயிலை பெக்டரியில் தூள் காய வைக்கும் இடத்தில் வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு பிஸ்கட்டை உடைத்து நடுவில் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மேல செவந்திருச்சு. உள்ள ஈரம் அப்படியே நிக்குது. ஆறினதும் இன்னொருக்கா லேசான சூட்டுல வச்சுப் பாரு."

தணலில் பாதியை அள்ளிவிட்டு, ஆறிய பிஸ்கட்டை மறுபடி உள்ளே வைத்தேன். சில நாள் கல்லு மாதிரி ஆனது, சில நாள் பழையபடி இளகியது. கை பழகிய பிறகு, அடைமழை நாளில் வேண்டுமென்றே ஒரு தட்டைத் திறந்து வைத்தேன். மறுநாள் உடைத்தபோது 'டக்' என்று முறிந்தது. அன்றைக்கே கடைக்குப் போனேன். முதலாளி ஒன்றைக் கடித்துவிட்டு, வாரா வாரம் கொண்டுவரச் சொன்னார். பிறகு லுணுகலையிலும் ஒரு கடை கேட்டது.

இரண்டு வேலையும் சேர்ந்து ஓடவில்லை. ஆயா வேலையை விட எனக்குப் பயம். அது தோட்டத்து வேலை, மாதச் சம்பளம் நிச்சயம். பல நாள் யோசித்து, ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தோட்டத்துல என் பேரு இருக்குல்ல, லயத்து வீடு எங்கயும் போகாது. நீ போய் வேலைய விடுறேன்னு சொல்லிட்டு வா," என்றார்.

பிள்ளைகளை விட்டுவர மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா, கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு பிஸ்கட் வேலைக்குத் துணையாக வந்தாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு பதுளையில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகைக்கு இடம் பிடித்து, செங்கல்லில் பேக்கரி அடுப்பு மாதிரி ஒரு போறணை கட்டினோம். முதல் நாள் அதன் சூடு பிடிபடாமல் ஒரு தட்டு முழுவதும் கருகியது. அக்கா சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்தது. கருகியதைக் கொட்டிவிட்டு மறுபடி மாவு பிசைந்தோம். மத்தியானத்துக்கு முன்னால் பிஸ்கட் டின் கடைக்குப் போய்விட்டது.