அக்காவின் பெயரில் ஒரு வள்ளம்

மதிவதனா நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவள். பிறந்தது வெருகல். அவள் கணவன் தயா, வெளிநாட்டுக்காரரைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றி இறக்கும் வள்ளக்காரன். கல்யாணமாகி ஏழாம் வருடம் அவளையும் மகளையும் வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னான். காரணம் கேட்டாள்.

“உன்ர முகத்தைப் பாக்கப் பிடிக்கேல்ல” என்றான்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஹோட்டலுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். ஆறு மாதமாக அவன் பிள்ளைக்கு ஒரு பால்மாப் பெட்டிகூட வாங்கி அனுப்பவில்லை. ஏழாம் மாதம் அவள் பஸ் ஏறி, திருகோணமலையில் சட்டத்தரணி ரிப்காவிடம் போனாள்.

“உங்களை அவருக்குப் பிடிக்குதா இல்லையா எண்டது வேற கதை” என்றார் ரிப்கா. “பிள்ளையைத் தாபரிக்கிறது தகப்பன்ட கடமை. கேக்க வெக்கப்படாதீங்க.”

“வெக்கமில்ல. அவரை விடுறேல்ல எண்டுதான் வந்தனான்.”

பிள்ளைச் செலவுக்கான தாபரிப்பு வழக்குப் பதிவான செய்தி அவளுக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டது. தயாவின் அக்கா யோகமலர் மீன் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் அவளை மறித்தாள்.

“புருஷனைக் கோட்டுக்கு இழுத்தவளுக்கு இந்த ஊரில ஆர் தண்ணி குடுப்பினம்?”

“நான் தண்ணி கேக்கேல்ல மச்சாள். பிள்ளையின்ர சாப்பாடுதான் கேட்டனான்.”

யோகமலர் நிலத்தில் துப்பிவிட்டுப் போனாள். அந்தக் கிழமையே தயா வள்ளத்தையும் எஞ்சினையும் அக்காவின் பெயருக்கு மாற்றி எழுதினான். மதிவதனா அதை விசாரணை நாளில்தான் அறிந்தாள். தயா பழைய சாரமும் வெளிறிய சேட்டுமாக வந்து நின்று, நீதவானைக் கும்பிட்டான்.

“எனக்கெண்டு ஒண்டுமில்லை ஐயா. வள்ளம் அக்காட. நான் அவவிட்டக் கூலிக்குப் போறனான்.”

அவள் கழுத்து நகையை விற்ற காசும் அந்த எஞ்சினில் இருந்தது. எழுந்து கத்தலாம் போலிருந்தது. ரிப்கா அவள் கையை அமர்த்திப் பிடித்தார். அடுத்த தவணைக்கு யோகமலரைச் சாட்சிக்கு அழைத்தார்.

யோகமலர் நல்ல சேலை உடுத்து வந்து சத்தியம் செய்தாள்.

“வள்ளம் உங்கடதா?” என்று ரிப்கா கேட்டார்.

“ஓம்.”

“தயா உங்கட வேலையாளா?”

“ஓம். சம்பளத்துக்குத்தான் ஓட்டுறார்.”

“மாசம் எவ்வளவு குடுக்கிறீங்க?”

அந்தக் கேள்வியை அவர்கள் வீட்டில் பேசி வைத்திருக்கவில்லை. யோகமலர் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். குறைத்துச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பயந்து, “அறுபதாயிரம்” என்றாள்.

நீதவான் எழுதிக்கொண்டார். பிள்ளைக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய் என்று கட்டளையிட்டார். அதைச் சம்பளத்தில் கழித்து, வேலை கொடுப்பவரே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அவரும் பதில் சொல்ல வேண்டும்.

“ஆர் கட்டுறது?” யோகமலருக்கு விளங்கவில்லை.

“நீங்கதான் அம்மா. நீங்கதானே முதலாளி” என்றார் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார்.

பின் வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். மதிவதனா சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் யோகமலர் வள்ள உழைப்பில் கழித்துப் பணம் கட்டினாள். அதோடு அக்காவும் தம்பியும் பகையானார்கள். வள்ளத்தைத் திருப்பி எழுதித் தரச் சொல்லி அக்காவின் வாசலில் நின்று தயா சத்தம் போட்டான்.

“திருப்பி எழுதினா நான் கோட்டில பொய்ச் சத்தியம் பண்ணினது வெளிச்சமாகும்” என்றாள் யோகமலர். “உனக்காக மறியலுக்குப் போய்க் கம்பி எண்ண எனக்கு ஏலாது.”

மறுநாள் வேறொருவனை வள்ளத்துக்கு ஏற்றினாள். தயா வேலையில் இல்லை என்று நீதிமன்றத்துக்கும் எழுதிக் கொடுத்தாள். சீசன் உழைப்பு முழுவதும் அவள் பெட்டிக்குள் போனது.

தயா மூதூருக்குப் போய் ஒளிந்தான். மூன்று மாதம் ஒரு சதமும் கட்டவில்லை. பிடியாணை போயிற்று. பொலிஸ் அவனை ஓர் அரிசி ஆலையில் வைத்துப் பிடித்தது. பாக்கியைக் கட்டத் தவணை கேட்கிறாயா என்று நீதவான் கேட்டார்.

“அவளுக்குக் குடுக்கிறதை விட மறியல் நல்லது” என்றான்.

ஒரு மாதம் மறியல் விழுந்தது. ஊர் மதிவதனாவைத்தான் ஏசியது. கூட வேலை செய்த இருவர் அவளோடு கதைப்பதை நிறுத்தினார்கள். சில நாள் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். ஆனாலும் வழக்கை மீளப்பெற நினைக்கவில்லை.

வெளியே வந்த தயா கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தான். கட்டளை அப்படியே இருந்தது. இனி வரும் ஒவ்வொரு மாதத்துக்கும் கட்ட வேண்டும், தவறினால் திரும்பவும் உள்ளே என்று நீதவான் சொன்னார். நீதிமன்றப் படியிறங்கும்போது அவன் மதிவதனாவுக்குக் கிட்ட வந்தான்.

“உன்னை நிம்மதியா இருக்க விடமாட்டன்.”

“அதையும் உள்ள வந்து நீதவானுக்குச் சொல்லுங்க” என்றாள்.

இப்போது மூதூர் ஆலைக்காரர் அவன் சம்பளத்தில் கழித்துக் கட்டுகிறார். நிலாவெளியில் யோகமலர் அவளைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போகிறாள். தயா மகளைப் பார்க்க ஒரு நாளும் வரவில்லை. அப்பா எங்கே என்று பிள்ளை கேட்டால் மதிவதனா பொய் சொல்வதில்லை.

“மூதூரில இருக்கிறார். வரமாட்டார்” என்கிறாள்.